மடக்கிய இலை எங்கே போகிறது?

நஞ்சில்லாமல் விளைவிக்கிறவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் காதுகுத்தோ வளைகாப்போ நடந்து முடிந்த அன்று சாயங்காலம், முகப்பில் உட்காராமல் நேரே கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். பாதி குடித்துப்போட்ட தண்ணீர் பாட்டில்கள், டீ ஊறிக் கிடக்கும் காகிதக் கோப்பைகள், பந்தி மேசையில் விரித்துச் சுருட்டிய பிளாஸ்டிக் தாள், அதற்குள்ளேயே சோறு, அப்பளம், பாயசம். வயலில் ஐந்து வருடமாக ஒரு மூடி பூச்சிமருந்து ஊற்றாத உழவர் வீட்டுக் குப்பை அது. மறுநாள் வண்டி வந்தால் வண்டியில் போகும். வராவிட்டால் ஊருணிக் கரைக்கோ, கண்மாய் உள்வாய்க்கோ போகும். மழை பெய்தால் மடை வழியாகத் திரும்பி நம் வயலுக்கே வரும்.

நல்லதுக்கு இலையை எந்தப் பக்கம் மடக்க வேண்டும், கெட்டதுக்கு எந்தப் பக்கம் என்று நம் வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மடக்கிய இலை அப்புறம் எங்கே போகிறது என்று கேட்டால் பெரியவர்களுக்கே தெரியவில்லை. நிலத்தில் ஒரு நியாயம், பந்தியில் ஒரு நியாயமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் எது பிளாஸ்டிக் என்பதிலேயே நம்மவர்களுக்குக் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலைப் படித்தால் பாதி நம் விசேஷ வீட்டுச் சாமான் பட்டியல் மாதிரியே இருக்கும். மேசையில் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் உண்டு. வாழை இலை மாதிரியே பச்சையாக அச்சடித்த 'பேப்பர் இலை' வருகிறதே, அதன் பளபளப்பு பிளாஸ்டிக் பூச்சுதான். தாம்பூலப் பை என்று மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்துக் கொடுக்கிறார்களே, துணி மாதிரி இருக்கும், அந்த 'நான் ஓவன்' பையும் தடைப் பட்டியலில் இருக்கிறது. அது நூலே இல்லை, பாலிபுரொப்பிலீன். துணிப்பை கொடுத்தோம் என்ற திருப்தியோடு பிளாஸ்டிக்கைக் கொடுத்து அனுப்புகிறோம்.

காகிதக் கோப்பைக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருப்பதால்தான் டீ ஒழுகாமல் நிற்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அதில் 100 மி.லி. சூடான நீரை ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலந்திருந்தன. பூச்சிமருந்து எச்சத்துக்குப் பயந்து நம்மிடம் கத்தரிக்காய் வாங்க வருகிறவருக்கு, அதே வாசலில் இந்தக் கோப்பையில் டீ கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நூறு பேருக்கு மேல் கூடுகிற நிகழ்ச்சியை உரிமம் இல்லாத இடத்தில், அதாவது வீடு மாதிரி இடத்தில், நடத்துகிறவர்கள் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையை அங்கேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே எழுதினார்கள். பந்தக்கால் நட நல்ல நேரம் பார்க்கிற நம்மில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறோம்? நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதையெல்லாம் பள்ளத்தூரில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 'பள்ளத்தூர் பாப்பா' மனோரமா ஆச்சி ஞாபகம் வரும். அதற்கடுத்து ஞாபகம் வருவது வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். அந்த வீடுகள் குடியிருக்க மட்டும் கட்டியவை இல்லை, விசேஷம் நடத்தக் கட்டியவை. கல்யாணம், சாந்தி, புதுமை எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தன. ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்தாலும் வெளியிலிருந்து ஒரு கரண்டி வாங்க வேண்டியதில்லை. சீராக வந்த பித்தளை, வெண்கலம், எனாமல், பிறகு வந்த எவர்சில்வர் என்று சாமான் அறை நிறைய இருந்தது. ஒவ்வொரு பாத்திரத்திலும் வீட்டு விலாசத்தின் எழுத்து வெட்டியிருக்கும். இரவல் போனாலும் திரும்பி வந்துவிடும். வளவுக்குள் விழுகிற மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்த வீடுகள் இவை. அதே வளவில் இன்று பாட்டில் தண்ணீர்ப் பெட்டிகளை அடுக்குகிறார்கள்.

அந்தப் பாத்திரங்கள் எங்கே போயின என்று தெரிய வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். பழம்பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பந்தியில் சாம்பார் ஊற்றிய வாளி ஏதோ ஒரு ஓட்டல் வரவேற்பறையில் பூ வைக்கப் போகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. வீட்டைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் பாத்திரத்தை விற்றுவிட்டுப் பேப்பர் பிளேட்டில் சாப்பிடுகிற மரபை யாரும் பட்டியலில் சேர்க்கப் போவதில்லை.

'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று இதோடு பெருமூச்சு விட்டு முடித்தால் அது பொய்யாகிவிடும். அந்தக் காலத்துப் பந்தி சுத்தமாக இருந்ததற்குப் பாத்திரம் மட்டும் காரணமில்லை, கழுவ ஆள் இருந்தார்கள். எச்சில் இலையை எடுக்க என்று ஒரு சாதி, அண்டாவைத் தேய்க்க என்று நாலு பெண்கள். கூலி என்று கேட்டால் மிஞ்சின சோறும் பழைய சேலையும். அவர்கள் பிள்ளைகள் படித்தார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். போக வேண்டியதுதான். அந்த இடத்தில் எறிகிற தட்டு வந்து உட்கார்ந்தது. பிளாஸ்டிக் பிரச்சினை என்று நாம் மேடையில் பேசுவதில் முக்கால்வாசி, பாத்திரம் கழுவுகிற பிரச்சினைதான். யார் கழுவுவது, என்ன கூலிக்கு என்பதற்குப் பதில் சொல்லாமல் 'மரபுக்குத் திரும்புவோம்' என்றால், மறுபடியும் யாரோ ஒரு பெண் குனிந்து தேய்க்க வேண்டும் என்றுதான் பொருள்.

பாக்குமட்டைத் தட்டு வாங்கிவிட்டால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு அது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனாலும் எங்கோ ஒரு தோப்பில் உதிர்ந்து, இயந்திரத்தில் அழுத்தி, லாரியில் வந்து, பத்து நிமிடம் பயன்பட்டுக் குப்பைக்குப் போகிற பொருள்தான் அதுவும். வாழை இலை கிடைக்கிற ஊரில் சாப்பாட்டுக்கு அது எதற்கு?

எங்கள் பக்கம் ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். எவர்சில்வர் டம்ளர், டபரா, சிற்றுண்டித் தட்டு, கரண்டி, வாளி எல்லாம் பணம் போட்டு வாங்கிப் பொதுவில் வைத்தோம். வாங்கும்போது ஒரு கணக்குத் தெரிந்தது. முந்நூறு பேர் வருகிற வீட்டுக்கு முந்நூறு டம்ளர் வேண்டியதில்லை. பந்திக்கு எண்பது பேர் என்றால் நூற்று அறுபது போதும். ஒரு எண்பது பந்தியில் இருக்கும்போது மற்ற எண்பது கழுவித் துடைத்து வந்துவிடும். எண்ணிக்கையை முடிவு செய்வது விருந்தாளிகளின் எண்ணிக்கை இல்லை, பந்தியின் நீளம்.

கழுவுவதற்கு இரண்டு பேர். ஆணும் பெண்ணும் யாராகவும் இருக்கலாம், எங்கள் சொந்தக்காரப் பையன்களும் நின்றிருக்கிறார்கள். குனியாமல் நின்று கழுவ இடுப்பு உயர மேடையில் மூன்று தொட்டி. முதலில் சீயக்காயும் அரப்பும் கலந்த தண்ணீர், அடுத்து அலசும் தண்ணீர், கடைசியில் வெந்நீர். பாத்திரம் கழுவிய தண்ணீர் நேரே வாழைக்குப் போகிறது. ஆளுக்கு 800 ரூபாய் கூலி, முதல் பந்தியிலேயே அவர்களுக்கும் இலை. இப்போது செலவைப் பாருங்கள். முந்நூறு பேருக்கு அரை லிட்டர் பாட்டில் பத்து ரூபாய் என்றாலே 3,000 ரூபாய். அதே 150 லிட்டருக்கு 20 லிட்டர் கேன் எட்டு போதும், கேன் 40 ரூபாய் என்றால் 320. இரண்டு பேர் கூலி 1,600. மொத்தம் 1,920. காகிதக் கோப்பை வாங்குகிற காசை நான் இதில் சேர்க்கவே இல்லை. ஆக, செலவு என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது, அதுதான் சிரமம்.

இது நாங்கள் கண்டுபிடித்த அதிசயமும் இல்லை. பெங்களூரில் அதம்ய சேதனா என்ற அமைப்பு 'தட்டு வங்கி' வைத்து விசேஷங்களுக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கொடுத்து வாங்குகிறது. கேரளம் 2015-ல் தேசிய விளையாட்டுப் போட்டிகளையே 'பசுமை நெறிமுறை' என்று வகுத்து நடத்தியது. பிறகு அதே நெறிமுறை அங்கே கல்யாண வீடுகளுக்கும் வந்தது. அரசு சொல்லித்தான் அங்கே நடந்தது. நம் ஊரில் சொல்வதற்கு முன்பே செய்துவிடலாம், மகளிர் குழு இல்லாத ஊர் ஏது? ஒரு குழு பாத்திரத்தை வாங்கி வைத்து, கழுவும் ஆளோடு சேர்த்து வாடகைக்கு விட்டால் அது ஒரு தொழில்.

இனி சோற்றுக்கு வருவோம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் அறுபது விழுக்காடு வீடுகளில் வீணானது, ஓட்டல்களில் இல்லை. நம் பந்தியில் வீணாவதற்குக் காரணம் பசி அறியாத பரிமாறல். உட்காருவதற்கு முன்பே இருபத்தோரு வகையை இலையில் நிரப்பி வைத்துவிடுகிறோம். கேட்டுப் பரிமாறுகிற கை போய்விட்டது. கொஞ்சமாக வைத்து, இரண்டாம் தடவை கேட்டு வைத்தால் யார் முகமும் கோணாது. நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி என்பது எங்கள் ஊர்ச் சமையல்காரர் கணக்கு. பட்டை தீட்டாத மரபு அரிசி என்றால் எட்டுக் கிலோவில் நிறுத்திக்கொள்கிறார், அது சீக்கிரம் வயிறு நிரப்பும்.

மிஞ்சினதை மாட்டுக்குக் கொட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அசைபோடுகிற மாட்டுக்கு ஒரே நாளில் அள்ளிக் கொட்டுகிற சோறு விஷம். முதல் வயிற்றில் அது வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் கூடிப்போகும். அசைபோடுவது நின்று, மாடு படுத்துவிடும், உயிரே போவதும் உண்டு. பொங்கல், கல்யாணம் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார். காய்கறித் தோல், பூசணிக் குடல், சாப்பிடாத இலைத் துண்டு இவை மாட்டுக்கு. நல்ல நிலையில் மிஞ்சிய சோறு, கறி மனிதர்களுக்கு, அதுவும் சூடு ஆறுவதற்குள். எச்சில் இலையும் சோறும் குழிக்கு. ஒரு கூடை எச்சில் இலைக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த சருகு, மேலே சாணிக் கரைசல், மறுபடி சருகு என்று அடுக்கினால் நாற்றம் வராது, ஈ மொய்க்காது. தைலமரச் சருகு மட்டும் வேண்டாம், எங்கள் பக்கம் அதுதான் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மட்கத் தாமதமாகும். இந்தக் குழிக்குள் ஒரு பிளாஸ்டிக் கரண்டிகூட விழக்கூடாது என்பதற்காகத்தான் மேலே அத்தனை பாடு. பிளாஸ்டிக் கலந்த நகரக் குப்பை உரத்தை வாங்கிப் போட்டவர்களுக்குத் தெரியும், களையெடுக்கும்போதெல்லாம் கையில் பாக்கெட் துண்டு வரும்.

இலையை எடுப்பது யார்? சாப்பிட்டவர்தான். எழுந்து போகும்போது தன் இலையைத் தானே எடுத்துக் கூடையில் போட வேண்டும். விருந்தாளியை இலை எடுக்க விடுவது மரியாதையா என்று பெரியவர்கள் கேட்பார்கள். இன்னொருத்தர் எச்சிலை எடுப்பது மட்டும் யாருக்கு மரியாதை? வீட்டுக்காரர் முதல் பந்தியில் உட்கார்ந்து முதல் இலையை எடுத்துக் காட்டினால், அதற்கப்புறம் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

உழவர்களாகிய நமக்கு இதில் இருக்கிற பெரிய விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. ஒரு வீட்டு விசேஷம் என்பது ஒரே நாளில் முப்பது கிலோ அரிசி, நூறு கிலோவுக்குக் கிட்டக் காய், முந்நூறு இலை, எண்ணெய், வெல்லம், பருப்பு வாங்குகிற சந்தை. அதுவும் தேதி ஆறு மாதம் முன்பே தெரிந்த சந்தை. மாதாமாதம் சந்தைக்கு அலைகிறோம், முகூர்த்த நாள்காட்டியை ஒருத்தரும் பயிர்த் திட்டத்துக்குப் பயன்படுத்துவதில்லை. வைகாசியில் கல்யாணம் என்றால், அதற்கு வேண்டிய நெல் முந்தின ஆவணி, புரட்டாசியிலேயே கண்மாய்ப் பாசனத்தில் விதைத்தாக வேண்டும். தையில் அறுத்து, மூன்று நான்கு மாதம் வைத்திருந்தால்தான் சோறு பந்திக்குக் குழையாமல் நிற்கும், புது அரிசி கூழாகிவிடும். வெண்டைக்கு 45 நாள், பூசணிக்கு மூன்று நான்கு மாதம். எனவே முகூர்த்தம் குறித்த கையோடு உழவரைப் பார்க்க வேண்டும், சமையல்காரரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்தால் அதுவே விதைக்கும் ஆள்கூலிக்கும் ஆகும். வட்டிக்கு வாங்காமல் ஒரு போகம் எடுக்கலாம்.

இதற்குச் சமையல் பட்டியலும் மாற வேண்டும். சித்திரையில் மலைக் கோசும் கேரட்டும் கேட்டால் உள்ளூர் உழவர் எங்கே போவார்? வெள்ளரி, பூசணி, முருங்கை, மாங்காய்ப் பச்சடி, பலாமூசு என்று அந்தந்த மாதம் விளைவதைப் போட்டாலே செட்டிநாட்டுச் சாப்பாடுதான். இனிப்புக்குக் கவுனி அரிசி இருக்கிறது. பர்மாவுக்குத் தொழிலுக்குப் போனவர்கள் வழியாக வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கவுனி இல்லாமல் இங்கே நல்ல காரியம் நிறைவாகாது. நீண்ட நாள் பயிர், உயரமாக வளர்ந்து காற்றுக்குச் சாயும், விளைச்சலும் குறைவு. அப்படியும் ஒருவர் பயிரிடுகிறார் என்றால், வாங்க ஒரு விசேஷ வீடு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். கடையில் பொட்டலத்தில் வாங்காமல் அவரிடம் வாங்குங்கள். இலைக்கும் இதையே சொல்வேன். எங்கள் செம்மண் பூமிக்கு வாழை இலை பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் போகிற கிணற்றடியில் இருபது பூவன் கன்று வைத்தால், ஒரு மரம் ஏழிலிருந்து பத்து நாளுக்கு ஓர் இலை விடும். ஐந்து வீட்டில் இருந்தால் ஒரு சின்ன விசேஷத்துக்கு ஆயிற்று.

தாம்பூலத்துக்குக் கொட்டான். பனை ஓலையில் முடைந்து, மேலே துணியும் நூலும் வைத்துப் பின்னிய இந்தக் கூடைகளில்தான் ஒரு காலத்தில் பலகாரமும் வெற்றிலை பாக்கும் கொடுத்தார்கள். முடைகிற ஆச்சிமார் குறைந்து கைவேலையே நின்றுபோகிற நேரத்தில், விசாலாட்சி ராமசாமி தொடங்கிய ம.ராம.ராம. கலாசார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து அதை மீட்டது. இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். விலை அதிகம் என்பது உண்மை, எல்லாருக்கும் கொடுக்க முடியாது. நெருங்கிய சொந்தத்துக்குக் கொட்டான், மற்றவர்களுக்கு மஞ்சப்பை என்று வைத்துக்கொள்ளலாம். மரக்கன்று கொடுக்கிறார்களே, அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. பாதிக் கன்று கார் டிக்கியிலேயே வாடிப்போகிறது. ஒரு படி மரபு அரிசி கொடுத்தால் சமைத்துச் சாப்பிடுவார்கள், நன்றாக இருந்தால் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருவார்கள்.

சென்னையிலிருந்து வருகிற சொந்தம் கேன் தண்ணீர் குடிக்குமா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். வாசலில் பானை வைத்து, வெட்டிவேர் போட்டு, பக்கத்தில் கழுவிய டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தோம். முதலில் காலியானது அந்தப் பானைதான். கைக்குழந்தைக்காரர்களுக்குக் காய்ச்சிய தண்ணீர் தனியாக ஒரு பிளாஸ்கில் இருந்தது. ஒருத்தர் மட்டும் தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தார். இருக்கட்டும், போகும்போது அதைத் தன்னோடு கொண்டுபோனார்.

எங்கள் பாத்திரங்களுக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். எடுத்த தேதி, எண்ணிக்கை, திருப்பிய தேதி, கையெழுத்து. வாடகை இல்லை, இரண்டு விதிதான். கழுவுகிறவர் கூலியை விசேஷத்தன்றே கையில் கொடுத்துவிட வேண்டும். டம்ளர் தொலைந்தால் பணம் வாங்குவதில்லை, டம்ளராகவே வாங்கி வைக்க வேண்டும். பள்ளத்தூரைச் சுற்றி யாருக்கு விசேஷம் என்றாலும் கேட்டு வரலாம், தேதியை மட்டும் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். வைகாசிக்கு மூன்று வீடு ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறது.